வெந்நீர்க் கடை மூடியிருந்த மதியம்

வெளியூரிலிருந்து வந்தவர்கள் நிறையத் தண்ணீர் குடிப்பார்கள், தம்பி. கட்சி மாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இதை எழுதுவதில்லை. மேசை எந்தப் பக்கம் கிடந்தது, எத்தனை நாற்காலி, கரும்பலகை இருந்ததா என்று கேட்கிறீர்கள். எல்லாம் சொல்கிறேன். ஆனால் அந்தப் பதினொரு நாளும் என்னை ஆட்டிவைத்தது தண்ணீர்தான்.

தேநீர் ஆறிவிடப் போகிறது, குடியுங்கள். அந்தக் கம்பளியை எடுத்துக் காலில் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியாகக் குளிர் வரும். நான் ஜன்னலை முழுக்கச் சாத்துவதில்லை. பழகிவிட்டது.

நீங்கள் கொண்டுவந்த காகிதங்களை இரண்டு தடவை படித்தேன். ஃபான் நல்ல கையெழுத்துக்காரர். சாகும் வரைக்கும் கை நடுங்கவில்லை என்று தெரிகிறது. என்னைப் பற்றி நல்லதாகவே எழுதியிருக்கிறார். மணிக் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து சிவப்புக் கொடி தைத்துக்கொண்டிருந்தேனாம். சமையலறையில் அடுப்புச்சாமி படத்தை மாட்டிவைத்து, தேடிவந்த போலீஸ்காரனை ஏமாற்றித் திருப்பி அனுப்பினேனாம். இருபது பேரின் உயிரும் ஒரு பெண்ணின் சமயோசிதத்தால் பிழைத்தது என்று முடித்திருக்கிறார். அந்தப் படத்தை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே என் பெயரை எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். அப்படி எழுதுவதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அவசரமில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

ஷாங்காயில் மாநாடு நடந்த வீடு இருந்த இடத்தில் இன்றைக்கு ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்டதில் சந்து முழுக்கப் போய்விட்டது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மூன்று மாடி, குறுகலான செங்கல் வீடு. மாடியில் ஆங்கில வகுப்பு நடக்கிறது என்று சந்தில் சொல்லிவைத்திருந்தோம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பாடப்புத்தகம் இருந்தது. ஃபான் வாத்தியார், நான் வாத்தியார் வீட்டம்மா. சந்துக்கு மட்டும்தான் நாங்கள் புருஷன் பெண்டாட்டி. அவர் மேலே மற்றவர்களோடு பலகையில் படுத்துக்கொண்டார். எனக்குக் கீழே, சமையலறையை ஒட்டிய அறையில் ஒரு கட்டில். அது இருபத்தைந்தாம் வருஷம், எனக்கு இருபத்தாறு வயசு. பஞ்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். அதற்கு முந்தின குளிர்காலம் ஆலைக் குடியிருப்பில் என் எட்டு மாதப் பிள்ளை போய்விட்டது. பிறகுதான் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தேன். இதை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. இதை எழுத வேண்டாம்.

சமையலறைச் சுவரிலிருந்து மாடிக்கு ஒரு கயிறு போனது. அதன் நுனியில் மணி. ஒரு தடவை இழுத்தால் புத்தகத்தைத் திறந்து பாடம் படிக்க வேண்டும். இரண்டு தடவை இழுத்தால் கூரை வழியாகப் போய்விட வேண்டும். கட்சிக்கு அப்போது நாலு வயசுகூட நிரம்பவில்லை. நாடு முழுக்கத் தேடினாலும் ஆயிரம் பேர் தேறமாட்டார்கள். அந்த ஆயிரம் பேரின் தலையெழுத்தும் என் தலைக்கு மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் யோசித்துத் திட்டம் போட்டிருந்தார்கள். ஒரே கடையில் அரிசி வாங்கினால் சந்தேகம் வரும் என்று மூன்று கடையில் வாங்கினோம். மலவாளி அள்ளுகிறவன் கண்டுபிடித்துவிடுவான் என்று பாதியை அடுத்த சந்தில் கொண்டுபோய் வைத்தோம். தண்ணீரை மட்டும் மறந்துவிட்டார்கள். திட்டம் போட்டவர்கள் எல்லாரும் ஆண்கள், தம்பி. வெந்நீர்க் கெட்டில் தானாக நிரம்பும் என்று நினைக்கிறவர்கள். ஷாங்காய்ச் சந்துகளில் அப்போது யாரும் வீட்டில் வெந்நீர் வைக்கமாட்டார்கள், நிலக்கரிக்குக் கட்டுப்படியாகாது. கெட்டிலை எடுத்துக்கொண்டு சந்து முனையிலிருக்கும் வெந்நீர்க் கடைக்குத்தான் போக வேண்டும். புருஷன் பெண்டாட்டி இருவர் இருக்கிற வீட்டிலிருந்து ஒரு பெண் நாளைக்குப் பதினாறு தடவை கெட்டிலோடு போனால் என்ன ஆகும்?

கடைக்காரியின் பெயர் பாவ். நாங்கள் பாவ் அக்கா என்போம். ஐம்பது வயசு இருக்கும், கைம்பெண். பெரிய மண் அடுப்பு, அதில் மூன்று கொப்பரை, கையில் எப்போதும் ஒரு நீள அகப்பை. அடுப்புக்கு மேலே பலகை அடித்த பரண். அதில்தான் படுக்கை. கூட ஒரு சின்னப் பெண் இருந்தாள், ஆறு வயசு. வெள்ளத்தில் பஞ்சம் பிழைக்க வந்தவர்களிடமிருந்து, தன் மகனுக்குப் பிற்காலத்தில் கட்டிவைக்கலாம் என்று பாவ் அக்கா வாங்கிய பெண். மகன் செத்துப்போய்விட்டான். பெண் மட்டும் இருந்தது. மொச்சை என்று கூப்பிடுவார்கள். முகம் அப்படித்தான், பச்சை மொச்சை மாதிரி மொழுமொழுவென்று இருக்கும்.

இரண்டாம் நாளே பாவ் அக்கா ஆரம்பித்துவிட்டாள். வரிசையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள்.

“ஏம்மா வாத்தியார் வீட்டம்மா, வீட்டுல எருமை கிருமை கட்டிவெச்சிருக்கியா?”

“பசங்க பாடம் படிக்க வர்றாங்கக்கா.”

“இங்கிலீசு படிச்சா இம்புட்டுத் தாகம் எடுக்குமா? நல்லவேளை, எனக்கு எழுத்தே தெரியாது.”

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் என் கெட்டிலை நிரப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“உங்க ஜன்னல்ல இருந்து மிளகா தாளிக்கிற வாசம் வருது. இந்த ஊருல யாரு மிளகா திங்கிறா? ஹுனான்காரனுங்களை வெச்சுக்கிட்டு இருந்தா ஜன்னலையாவது சாத்தி வையேன்.”

அவள் சும்மா இருக்கிறவளில்லை. கெட்டிலின் மூடியை அழுத்திக்கொண்டே, “இருபத்துநாலாம் தேதி அடுப்புச்சாமி மேலே போறாரு. வருசம் பூரா பார்த்ததை ஒண்ணு விடாம சொல்லிருவாரு. வாயில பாகு தடவ மறந்துறாத,” என்றாள்.

உங்கள் வயசுக்காரர்களுக்கு இது தெரியுமோ என்னவோ. எல்லா வீட்டு அடுப்புக்கு மேலும் அவர் படம் ஒட்டியிருக்கும். வருஷம் முழுக்க வீட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். பன்னிரண்டாம் மாதம் இருபத்துநாலாம் தேதி அவரை எடுத்துக் கொளுத்தி மேலுலகத்துக்கு அனுப்ப வேண்டும். போய்க் கோள் சொல்லாமலிருக்க, அதற்கு முன்னால் வாயில் பாகு தடவுவார்கள். வாய் ஒட்டிக்கொள்ளும் என்று. எங்கள் வீட்டிலும் படம் இருந்தது. வீட்டை வாடகைக்கு எடுத்த அன்றைக்கே ஃபான் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். மூடநம்பிக்கையை வைத்துக்கொண்டா மாநாடு நடத்துவது என்றார். அந்த இடத்தில் புகை படியாத வெள்ளைச் சதுரம் ஒன்று சுவரில் தெரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் இன்னொன்றும் சொன்னாள். புத்தாண்டு முடிந்ததும் கடையைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு, மொச்சையைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஊருக்கே போய்விடப் போவதாக. அது இந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். பாகு தடவு என்றால் என்ன அர்த்தம்? என் வாயை அடைக்க ஏதாவது கொடு, இல்லாவிட்டால் சொல்லிவிடுவேன் என்றுதானே? நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஃபான் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தபோது படிக்கட்டில் நிறுத்திச் சொன்னேன். அவர் கையில் தீர்மானங்களின் நகல், பாதிக் காது மாடியில் நடக்கிற வாதத்தில். விவசாயிகளை எப்படிச் சேர்ப்பது என்று இரண்டு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அவ வாயை அடைக்கிறதுக்கு ஏதாவது பண்ணு,” என்றார். “புத்தாண்டு வருதில்ல, நல்ல துணியா ஒண்ணு எடுத்துக் குடு.”

பல வருஷம் எனக்கு அதில் முதல் பாதி மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

மொச்சை தினமும் வருவாள். நான் மறந்துவைத்த மூடியைக் கொண்டுவருவாள், அல்லது மறந்துவைத்ததாக நினைத்துக்கொண்டு வருவாள். கயிற்றுக்குக் கீழே நான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும்போது என் முழங்காலில் சாய்ந்து தூங்கிப்போவாள். சாம்பலில் விரலால் மூன்று எழுத்து எழுதக் கற்றுக்கொடுத்தேன். மனுஷன், வாய், மலை. மணிக்கட்டில் ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வாங்கிய பெண்ணை எப்படி வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மாநாட்டின் ஏழாம் நாள் இருபத்துநாலாம் தேதி வந்தது. வெந்நீர்க் கடை வருஷத்தில் ஒரே ஒரு மதியம்தான் மூடும், அந்த மதியம். காலைக் கூட்டம் முடிந்ததும் நெருப்பைத் தணித்து, ஈரக் கரித்தூளைப் போட்டு மூடி, அடுப்பைத் துடைத்து வெள்ளையடிப்பார்கள். சாயங்காலம் சாமியை அனுப்பிவிட்டுத்தான் மறுபடி மூட்டுவார்கள். நடுவில் பாவ் அக்கா பரணில் ஏறித் தூங்குவாள். வருஷத்தில் அவள் பகலில் தூங்கியது அன்று ஒரு நாள்தான்.

புத்தாண்டுக்கு முன்னால் எல்லாரும் ஜன்னலுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவார்கள். பாவ் அக்காவுக்குத் தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடியாது. நானே போய், ஒட்டித் தருகிறேன் என்றேன். பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு காலையில் போனேன். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பரண் ஜன்னல் சின்னது, ஒரு தட்டு அளவுதான். பழைய காகிதத்தை உரித்துவிட்டுப் புதுசு ஒட்டினேன். அதன்மேல் இன்னொன்று ஒட்டினேன். காகிதம் மிச்சம் இருந்தது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் பலகை விலகியிருந்த இடமெல்லாம் ஒட்டினேன். கீழேயிருந்து அவள், “போதும்மா, அரண்மனையா இது,” என்று சிரித்தாள். குளிர் ஏறுமே அக்கா என்றேன்.

இறங்கியதும் அவள் எனக்குச் சுருட்டிய காகிதம் ஒன்றும், இலையில் மடித்த பாகுக்கட்டி ஒன்றும் கொடுத்தாள். நாலு வார்த்தை சொன்னாள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு மேல் அந்த வெள்ளைச் சதுரத்தின்மேல் படத்தை ஒட்டினேன். மிச்சப் பசை இருந்தது.

உச்சிக்கு மேல் மறுபடி போனேன். பலகை சாத்தியிருந்தது. பக்கத்துக் கதவு வழியாக நுழைந்தேன். பாவ் அக்கா ஏணியில் பாதி ஏறியிருந்தாள். மொச்சையை அனுப்புங்கள் அக்கா, எள் வைத்து மாவுருண்டை பிடிக்க ஆள் வேண்டும் என்று கேட்டேன். அந்தக் குழந்தையை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதில் நான் கவனமாக இருந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“கூட்டிட்டுப் போ,” என்றாள். “திரும்பி வரும்போது எனக்கு நாலு குடுத்துவிடு. எள்ளு நிறைய வெச்சதா.”

மொச்சை முன்னால் ஓடிவிட்டாள். அடுப்புப் புகைபோக்கியில் ஓர் இரும்புத் தகடு உண்டு. காற்று அதிகமானால் உள்ளே தள்ளுவார்கள். முழுக்கத் தள்ளமாட்டார்கள், கரிப்புகை உள்ளேயே தங்கிவிடும். நான் முழுக்கத் தள்ளினேன். சத்தமே வரவில்லை. போன வாரம்தான் அதற்கு எண்ணெய் விட்டிருந்தாள்.

கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மாவு பிசைந்தோம். மொச்சை உருட்டியதில் ஒன்றுகூட உருண்டையாக இல்லை. நாலு உருண்டையை மட்டும் நாக்கைத் துருத்திக்கொண்டு மெனக்கெட்டு உருட்டி, தனிக் கிண்ணத்தில் வைத்து மூடினாள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மணிவாக்கில் கதவு தட்டப்பட்டது. கயிற்றை ஒரு தடவை இழுத்துவிட்டுப் போய்த் திறந்தேன். போலீஸ்காரன். வருஷக் கடைசி இனாமுக்கு வந்தவன்தான். ஆனால் கண் வீடு முழுக்கச் சுற்றியது. மாடியிலிருந்து இருபது குரல் ஆங்கிலத்தில் ‘இது பூனை, அது நாய்’ என்று ராகம் போட்டது. அவன் மாடிப்படியில் ஒரு காலை வைத்தான். பிறகு சமையலறையை எட்டிப் பார்த்தான். மாவுக் கையோடு ஒரு குழந்தை, கொதிக்கிற பானை, அதற்கு மேலே அடுப்புச்சாமி. சாமியின் வாயில் நான் தடவிய பாகு பளபளவென்று இருந்தது.

“நல்லா அப்பியிருக்கியே,” என்றான். “அப்படி என்ன தப்பு பண்ணுன இந்த வருசம்?”

“நாளெல்லாம் மாடியில கத்துறாங்க. சாமிக்குக் காது வலிக்குமேன்னுதான்.”

அவன் சிரித்துவிட்டான். படியிலிருந்து காலை எடுத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆறு உருண்டை சாப்பிட்டான். குடிக்க வெந்நீர் கேட்டான். கடை மூடியிருக்கிறது என்றேன். “ஆமா, இன்னிக்கு இருபத்துநாலுல்ல. பாவம், அந்தம்மா நின்னுக்கிட்டே இருக்கும். தூங்கட்டும்,” என்றான். இனாம் வாங்கிக்கொண்டு போனான். மாடியில் ஒரு தீர்மானம் கைதூக்கி நிறைவேறியது. அது எந்தத் தீர்மானம் என்று உங்கள் ஆவணத்தில் இருக்கும்.

அவன் போனபோது மூன்று அடிக்கவில்லை. நேரம் இருந்தது. கடை முப்பது தப்படி தூரம்தான். தகட்டை இழுத்துவிட்டு, ஜன்னல் காகிதத்தில் விரலை விட்டால் போதும்.

மொச்சை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, “அத்தைக்குக் குடுத்துட்டு வரவா?” என்று கேட்டாள்.

“தூங்கறாங்க. எழுப்பக் கூடாது.”

“ஆறிடுமே.”

“ஆறட்டும்,” என்றேன். மாவு பாதி மிச்சம் இருந்தது. உருட்டிக்கொண்டிருந்தோம்.

ஐந்து மணிக்கு ஆட்கள் கெட்டிலோடு வந்து கடை வாசலில் நின்றார்கள். தோஃபு கடைக்காரர்தான் பலகையைப் பெயர்த்தார். இறக்கிக் கிடத்தினார்கள். முகம் நல்ல சிவப்பாக இருந்தது, கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வந்தவள் மாதிரி. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி ஒன்றிரண்டு நடக்கும், ஈரக்கரி, சாத்திய அறை என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். நான்தான் குளிப்பாட்டினேன். தலைவாரி விட்டேன். அதையெல்லாம் குறைவில்லாமல் செய்தேன்.

இன்னும் நாலு நாள் மாநாடு நடந்தது. நான் அடுத்த சந்திலிருந்து தண்ணீர் எடுத்துவந்தேன். கடைசி நாள் எல்லாரும் எழுந்து நின்று, குரல் வெளியே போகாதபடி பாடினார்கள். கீழே இருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. என் வாழ்நாளில் அதைவிட நல்ல பாட்டு கேட்டதில்லை. ஃபான் ஒரே ஒரு தடவை, வெந்நீர்க் கடைக்காரி போய்விட்டாளாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் விரல் இடுக்கில் காய்ந்திருந்த பசையைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சாகும் வரைக்கும் கேட்கவில்லை. இப்போது காகிதத்தில் சமயோசிதம் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை. மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிகிறது. படம் பாவ் அக்கா கொடுத்தது. மதியம் போலீஸ்காரன் வந்தபோது அது சுவரில் இருந்தது. அப்படியானால் கொடுத்தபோது அவள் சொன்ன நாலு வார்த்தை என்ன, அதைக் கேட்ட பிறகுமா என்று நினைக்கிறீர்கள்.

அவள் சொன்னது இதுதான்:

“உங்க அடுப்புக்கு மேல வெள்ளையா ஒரு சதுரம் தெரியுது. மொச்சை வந்து சொன்னா. ஒரு குழந்தை கண்ணுக்குத் தெரியறது போலீஸ்காரன் கண்ணுக்குத் தெரியாதா? வருசக் கடைசி, இனாமுக்கு வீடு வீடா ஏறுவானுங்க. சாமியில்லாத அடுப்பைப் பார்த்தா அவன் மாடிக்கு ஏறாம போகமாட்டான். இதை மாட்டு.” பாகுக்கட்டியையும் என் கையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தாள். “ஆலையில வேலைநிறுத்தம் நடந்தப்ப எம்மவனை அடிச்சே கொன்னானுங்க. சட்டைப்பையில ஒரு நோட்டீசு இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது, அடுப்புல போட்டுட்டேன். உங்க ஆளுங்க எழுதுனதாத்தான் இருக்கும். மாடியில இருக்கிறவங்களைக் கொஞ்சம் மெதுவா நடக்கச் சொல்லு. தண்ணியை இனிமே இருட்டுறதுக்கு முன்னாடி நானே பின்பக்கமா கொண்டாந்து ஊத்துறேன்.”

கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் படத்தை மாட்டினேன். மாட்டிவிட்டுத்தான் மறுபடி போனேன்.

இதை நான் நிதானமாக யோசித்திருக்கிறேன், தம்பி. முப்பத்தொரு வருஷம் யோசித்திருக்கிறேன். அவள் நல்லவள்தான். ஆனால் நல்லவளாக இருந்தால் மட்டும் போதாது. பிடித்துக்கொண்டுபோய் நகத்தில் ஊசி ஏற்றினால் நல்லவர்களும் பேசுவார்கள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு பக்கம் ஒரு உயிர், ஒரு பக்கம் இருபது உயிர், அதற்குப் பின்னால் நாடு. மாடியில் இருந்தவர்களைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். அதனால்தான் கேட்கவில்லை. பாரத்தை நானே சுமந்துகொண்டேன். கட்சிக்காக ஒருத்தி செய்யக்கூடியதில் அது சின்னதல்ல.

படத்தை அன்று சாயங்காலம் கொளுத்தியிருக்க வேண்டும். நான் கொளுத்தவில்லை. அதனால்தான் இன்றைக்கு உங்களுக்குக் கிடைத்தது. அந்த வருஷத்துக் கணக்கைச் சொல்ல அவர் மேலே போகவே இல்லை. வாயில் பாகோடு என் பெட்டியிலேயே கிடந்தார். பாருங்கள், அந்த இடத்தில் மட்டும் தூசி அப்பிக் கறுத்துப்போயிருக்கும். அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். கீழே அவள் பெயரைப் போடுங்கள். பாவ், வெந்நீர்க் கடைக்காரி. மாநாட்டைக் காப்பாற்றியவள் என்று எழுதலாம். அது பொய்யில்லை. எப்படிச் செத்தாள் என்று போட வேண்டுமானால், கொன்றது யார் என்றும் போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே போட்டுத் தருகிறேன்.

மொச்சையை நான் வளர்த்தேன். கொழுந்தன் கடையை மட்டும்தான் கேட்டான். சந்தில் எல்லாரும், வாத்தியார் வீட்டம்மாவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். சிங்யீ என்று பெயர் வைத்துப் படிக்க வைத்தேன். ஸூசோவில் பெரிய நர்சாக இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். போன புத்தாண்டுக்கு வந்திருந்தபோது அந்தத் தழும்பைத் தன் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். “பாகு திருடித் தின்னப்போயி கொப்பரையில சுட்டுக்கிட்டேன். அத்தை சோயா சாஸ் தடவி, நான் தூங்கற வரைக்கும் ஊதிக்கிட்டே இருந்தாங்க,” என்றாள். எனக்கு அப்போதுதான் அது தெரியும். இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். எதிரே உட்கார்ந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். என் வாய் ஒட்டிக்கொண்டது. நீங்கள் எழுதியதில் ஒரு படி அவளுக்கு அனுப்பிவிடுங்கள். முகவரி தருகிறேன். படித்த பிறகு வந்தால் வரட்டும்.

எழுந்துவிட்டீர்களே. இருங்கள், இன்னும் ஒரே ஒரு திருத்தம். கொடி என்று ஃபான் எழுதியிருக்கிறாரே, அதை அடித்துவிடுங்கள். கண்ணாடிப் பெட்டியில் கொடி வைக்க வேண்டும் என்று நீங்கள் தேடி அலையக் கூடாது. சிவப்புத் துணி என்னவோ உண்மைதான். அண்ணன் ஊருக்குப் போகப்போவதாக பாவ் அக்கா சொன்னாளே, அதற்கு மறுநாள் வாங்கினேன். அவளுக்கு ஏதாவது துணி எடுக்கத்தான் கடைக்குப் போனேன், கை அந்தச் சிவப்பில் போய் நின்றுவிட்டது. கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்து, நாளுக்குக் கொஞ்சமாகத் தைத்தேன். அது கொடி இல்லை, தம்பி. தலையணை உறை. என் கட்டிலில் இரண்டாவதாகப் போட. ஆறு வயசுப் பிள்ளையின் தலை கொள்கிற அளவு. இருபத்துமூன்றாம் தேதியே தைத்து முடித்து, உமி அடைத்துவைத்துவிட்டேன்.